ஏணியில் நிற்கிறவன்

1998-ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிந்து கொல்லிமலையில் மிளகு பழுக்கத் தொடங்கியிருந்த சமயம். அரியூர் நாட்டுப் பக்கம் நாங்கள் குடிவந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. விமானத் தொழிற்சாலை ஒன்றில், விமானி உட்காரும் காக்பிட்டுக்கு வரைபடம் போடும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவிக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்துக் காரவள்ளி. அவள் அண்ணன் மேலே வாங்கிப் போட்டிருந்த வீடு சும்மா கிடந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

எனக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. சிறிய அளவில் விமானம் செய்வது. கடையில் வாங்கி ஒட்டுவதல்ல. எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும். அந்த வருடம் ஒற்றை ஆள் உட்காரும் போர் விமானம் ஒன்றில் இறங்கியிருந்தேன். மரத்தில் செதுக்கிய உடல் முழங்கை நீளம்தான் இருக்கும். அதற்குள் காக்பிட் ஒரு தீப்பெட்டி அளவு. மீட்டர்களைப் பெரிதாக வரைந்து, போட்டோ எடுத்து, சிறிதாக அச்சுப் போட்டு, துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் ஒட்டுவேன். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் இருக்கை பெல்ட். பியூஸ் கம்பியின் நுனிகளை நறுக்கிச் சுவிட்ச். மின்விசிறி ஓடக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. "கதவைத் தொறந்து காத்து வந்தாக்கூட என்னைத்தானுங்க வைவாரு" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

சரிவில் எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரர் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த விவசாயி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒருநாள் வாழைப்பழம் கொடுக்க வந்தவர், மேசையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க சார், இது பிளேனுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"எம்பட பையன் இதைத்தானுங்க ஓட்டறான்!"

அவருடைய ஒரே மகன் விமானப் படையில் சேர்ந்து வடக்கே எங்கோ இருந்தான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, மூச்சுக் காற்று மேசைமேல் படாமல் உட்கார்ந்திருப்பார். அப்படி அடக்கமாக உட்காரும்படி நான் சொன்னதில்லை, அவரே கண்டுகொண்டார்.

ஒரு சாயங்காலம் விமானியின் கையருகே வரும் நெம்புகோலுக்குக் குமிழ் செய்ய முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். பசையை உருட்டினால் ஒன்று பெரிதாகிவிடும், அல்லது கோணலாகிவிடும். மறுநாள் மடியில் கேழ்வரகு கொண்டுவந்தார். "இதுல ஒண்ணு ஆகுமுங்களா பாருங்க." ஒரு மணியை எடுத்துக் கறுப்பு மை தொட்டு ஒட்டினேன். அளந்து செய்தது போலப் பொருந்தியது. அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதன் பிறகு உள்ளங்கையில் பரப்பி, ஒரே அளவான மணிகளாகப் பொறுக்கித் தாளில் மடித்துக் கொண்டுவருவார். "எம்பட பையன் கை படற எடம். மொழு மொழுன்னு இருக்கோணும்" என்பார்.

நான் அதைக் கேட்டுச் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தேன். வேலை நடக்கிறதே என்ற எண்ணம்தான்.

இருக்கையும் அதில் உட்கார வேண்டிய விமானி பொம்மையும் தயாரான அன்று அவர் தனியாக வரவில்லை. மச்சானையும் சொந்தக்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்தார். சட்டைப் பையிலிருந்து மகனின் பாஸ்போர்ட் அளவுப் போட்டோவை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"இந்த மூஞ்சியப் பாத்து அந்த பொம்மைக்கு வெச்சுப்போடுங்க சாமி. இவுங்க பாக்கோணும்னு கூட்டியாந்திருக்கறேன்."

நான் போட்டோவைப் பார்த்தேன். "பையன் அங்கே என்ன வேலைங்க?" என்று கேட்டேன்.

"என்னமோ பிட்டருன்னு சொன்னானுங்க. பெரிய டிரெய்னிங்கு."

இங்கேதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். வாழ்நாள் முழுவதும் ஒரு கோடு தள்ளிப் போனால் வரைபடத்தையே கிழித்துப் போட்டுப் பழகியவன். என் காக்பிட்டில் ஒரு திருகுகூட இடம் மாறி இருக்கக் கூடாது. அப்படியிருக்க, பிட்டரை விமானியின் இருக்கையில் எப்படி உட்கார வைப்பது? கையில் இருந்த சாமணத்தை, அந்தச் சிறு இடுக்கியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னேன்: "பிட்டருன்னா விமானம் ஓட்டுறவர் இல்லீங்க. தரையில நின்னு ரிப்பேர் பாக்குறவர். இந்த சீட்டுல அவர் உட்கார முடியாது."

மச்சான் சிரித்தார். "என்ன மாப்ள, இத்தன நாளா ஊருக்கெல்லாம் ஏரோப்பிளேன் ஓட்டுன! பாத்தா நம்ம லாரி பட்டறை வேலைதானா?"

கீழ்வீட்டுக்காரர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அதில் கோபம் இல்லை; நான் சொன்னது மெய்தானா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன். "சரிங்க சார், வாரேன்" என்று எழுந்து போனார். போட்டோவை மறந்து என் மேசையிலேயே விட்டுவிட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து டீக்கடையில் நின்றிருந்தேன். "ஸ்பேனருக்கு ஒரு டீ போடுப்பா" என்று யாரோ கத்தினார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பினால், கீழ்வீட்டுக்காரர் தலை குனிந்தபடி டம்ளரை வாங்கிக்கொண்டிருந்தார். பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஒரு மனுசன் ராகியப் பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டாந்து குடுத்தாரு. நாலு பேரு முன்னால வெச்சு அவருக்கு நீங்க குடுத்தது இதுதானுங்களா?"

"நான் பொய்யா சொன்னேன்?"

"பொய்யச் சொல்லியிருந்தாக்கூட இத்தன கெட்டுப் போயிருக்காதுங்க."

அவளுக்கு விமானம் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன். அன்று விமானி பொம்மைக்குத் தோள் பெல்ட் மாட்ட வேண்டும். வெள்ளித்தாள் பட்டையைச் சாமணத்தால் பிடித்துத் தோளுக்கு மேலாக இழுத்தேன். பொம்மையின் கை அங்கே எட்டாது. எப்படி வளைத்தாலும் எட்டாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிஜ விமானிக்கும் சரியாக எட்டாதே! தொழிற்சாலையில் சோதனை ஓட்டம் நடக்கும்போதெல்லாம் நான் பார்த்தது என்ன? பிட்டர் ஒருவர் ஏணியில் ஏறி, காக்பிட்டுக்குள் குனிந்து, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல விமானிக்குப் பெல்ட்டை இழுத்து இறுக்கிக் கட்டுவார். ஆபத்தில் விமானியோடு வெளியே பாயும் இருக்கை அது. தரையில் தவறிப் பாய்ந்துவிடாமல் இருக்க அதில் ஊசி செருகி, சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். பிட்டர்தான் அந்த ஊசியை உருவி, விமானியின் கண் முன்னே காட்டுவார். தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்குவார். அவர் இறங்கிய பிறகுதான் விமானம் நகரும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் பொம்மையிலும் அந்த மனிதரை விட்டுவிட்டேன், என் பேச்சிலும் விட்டுவிட்டேன்.

செப்புக் கம்பியில் எலும்புக்கூடு முறுக்கி, அதன்மேல் பசைமண் அப்பி ஒரு ஆள் செய்தேன். தலை மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தப் போட்டோவை லென்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு மீசையும் நெற்றியும் எடுத்தேன். மூன்று தலைகள் கெட்டுப் போயின. நாலாவதில், எனக்குப் பழக்கப்பட்ட அந்தத் தகப்பனின் தாடையும் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மூங்கில் சிம்பில் ஏணி. அவன் ஒரு கை விமானியின் தோள் பெல்ட்டில், இன்னொரு கையில் சிவப்பு நூல் தொங்கும் ஊசி.

பிஸ்கட் அட்டைப் பெட்டியில் வைத்து அதை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. உயரமான மரத்தோடு சேர்த்துக் கட்டிய ஒற்றை மூங்கிலில், கணுக்களில் கால் வைத்து மச்சான் மேலே ஏறியிருந்தார். கீழ்வீட்டுக்காரர் அடியில் நின்று மூங்கிலைப் பிடித்திருந்தார்.

"வாங்க சார்" என்றார்.

"அன்னிக்கு நான் உங்ககிட்ட பாதிதான் சொன்னேனுங்கண்ணா. மீதியையும் கொண்டாந்திருக்கேன்" என்று பெட்டியைக் கல்மேல் வைத்துத் திறந்து, லென்சைக் கொடுத்தேன்.

ஒரு கையால் மூங்கிலைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏணி மேல நிக்கிறது..."

"உங்க பையன்."

"உக்காந்திருக்கறவரு?"

"பைலட்டு. அவரால பெல்ட்டைத் தானே இறுக்கிக்க முடியாது. உங்க பையன்தான் கட்டணும். கையில இருக்குற ஊசிய அவன் உருவிக் காட்டுனாத்தான் கிளம்புவாரு."

"என்ன மாப்ள, பொம்மையா?" என்று மேலிருந்து மச்சான் குரல் கொடுத்தார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏப்பா, நீ ஏறி நிக்கிறியே, இந்த மூங்கில யாரு கட்டுனா?"

"நீதான்."

"வேற எவனாச்சும் கட்டுனா ஏறுவியா?"

"நான் என்ன பைத்தியமா?" என்றார் மச்சான்.

"அப்ப மூடிக்கிட்டுப் பறி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடி லென்சை வைத்துக் குனிந்து, "இறுக்கமாத்தானே கட்டறான்?" என்று என்னிடம் கேட்டார். "இறுக்கமாத்தாங்க கட்டறான்" என்றேன். அன்று என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் லென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

விமானத்தை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். "ஊட்டுல எலித் தொல்லைங்க. கையக் காலக் கடிச்சுப்போடும். உங்ககிட்டயே இருக்கட்டும். நா வந்து வந்து பாத்துக்கறேன்."

சொன்னபடி வந்தார். நாங்கள் மலையை விட்டு இறங்கும்வரை வந்துகொண்டிருந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் யாரையும் கூட்டி வரவில்லை. தனியாகத்தான் வருவார், பார்ப்பார், போவார். அவரை அப்படி ஆக்கியது நான்தான் என்பது எனக்குத் தெரியும்; நாலு பேரைக் கூட்டி வந்து காட்டிய அந்தப் பெருமையை எந்தப் பொம்மை செய்தும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இப்போது எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அன்று நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பிழையாக இருந்திருந்தால் அங்கேயே திருத்திக்கொண்டு அந்த மனிதரைத் தலை நிமிர வைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.