கேட்கிறவளின் குரல்

தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவர்கள் எதையும் மெதுவாகச் சொல்லப் பழகியிருக்க மாட்டார்கள். இராஜபாளையத்தில் எங்கள் வீடு பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தறிக் கொட்டகையை ஒட்டியிருந்தது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அப்பா தறி ஓட்டினார். அம்மாவும் அத்தையும் நூல் சுற்றினார்கள். அத்தை அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணமான சுருக்கிலேயே திரும்பி வந்து எங்களோடு தங்கிவிட்டவர். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். வரட்டும்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு வந்த டீச்சர் பாடத்தை ஒப்பிக்கச் சொல்ல மாட்டார். இதில் உனக்கு என்ன தெரியும், எது தெரியாது, தெரியும் என்று எப்படிச் சொல்கிறாய், தெரியாததற்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார். கணக்கானாலும் வரலாறானாலும் அதே கேள்விகள்தான். தெரியாது என்றவர்களை அவர் ஒன்றும் சொன்னதில்லை. தெரிந்ததுபோல் சமாளித்தவர்களைத்தான் முறைப்பார். இப்போது நான் படிக்கும் ஆசிரியர் பயிற்சியில் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று எங்களுக்கு அது பெயரில்லாத தொந்தரவு.

ஒருநாள் அவர், வீட்டிலும் இப்படியே படிக்க வேண்டும் என்றார்.

"ரெண்டு ஆளா இருந்து படிங்க. ஒருத்தி கேக்கணும், இன்னொருத்தி சொல்லணும். கேக்கிறவளுக்கு உங்க குரலைக் குடுத்துராதீங்க. சொந்தக் குரல்ல கேட்டா, போனாப் போகுதுன்னு விட்டுருவீங்க."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள் நான் எவ்வளவு கத்தினாலும் எனக்கே பாதிதான் கேட்கும். முதலில் தலைமையாசிரியையின் குரலில் கேட்டுப் பார்த்தேன். பிறகு மினி பஸ் கண்டக்டர் குரலில். இரண்டிலும் சிரிப்புதான் வந்தது. அப்புறம் ஒரு சாயங்காலம், நான் தேடாமலே ஒரு குரல் வந்தது. தொண்டை கம்மின குரல். சொல்லின் கடைசியைக் கொஞ்சம் இழுக்கும். அதற்கு இரக்கமே கிடையாது.

"தண்ணி எப்படி மேகமாகுது?"

"ஆவியாகிப் போய்."

"பாத்தியா?"

"இல்ல."

"பொறவு எப்படித் தெரியும்?"

நான் அடுப்படிக்குப் போய், உலை வைத்து, அது கொதிப்பதைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வேன். அப்படித்தான் நான் நன்றாகப் படிக்கத் தொடங்கினேன். ஆனால் சில நாட்களில் நான் புத்தகத்தைத் திறக்கும் முன்பே கேள்வி வந்துவிடும். வாய் என்னுடையதுதான். ஆனாலும் நூல் மூட்டை அடுக்கியிருந்த மூலையிலிருந்து அது வருவதாக எனக்குத் தோன்றும். அதனால் அந்த மூலைக்கு முதுகு காட்டி உட்கார மாட்டேன். இதை டீச்சரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கரண்டு போனது. தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும்போது ஊருக்கே காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும். நான் பின்னக் கணக்கில் மூழ்கியிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

"தெரியும்னு சொன்னேல்லா? இப்ப ஏன் முழிக்க?" என்று அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பினால் வாசலில் அம்மாவும் அத்தையும். அத்தையின் விரலில் நூல் சுற்றியபடியே தொங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார்.

"யாருட்டட்டி பேசுத?" என்றாள் அம்மா.

"எங்கிட்டதான்."

அன்று நான் சொல்லியிருக்கக்கூடிய பதில்களில் அதைவிட மோசமானது எதுவும் இல்லை.

அத்தை நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "இது நம்ம சின்னவ குரலுல்லா," என்றார் அம்மாவிடம். "காச்சல்ல கெடந்தப்ப இப்படித்தான் கம்மிக் கம்மிப் பேசுவா."

சின்னவள் என்பது அப்பாவின் தங்கை. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, சின்ன வயதில் செத்துப்போனவர். வீட்டில் அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அந்தக் குரலை நான் கேட்டிருக்க வழியே இல்லை. டீச்சர் சொல்லித்தான் இப்படிப் பேசுகிறேன் என்றேன். அது இன்னும் வினையாயிற்று.

"டீச்சரே கூட ஒரு ஆளை வச்சுக்கிடச் சொன்னாளாக்கும். நல்ல பள்ளிக்கூடம்," என்றார் அத்தை. "கொட்டகைக்கு அனுப்புங்க. இரும்பு ஓடுற எடத்துல அதுக அண்டாது. எங்கூட நூல் சுத்தட்டும்."

"அவ நல்லாப் படிக்கா மதினி."

"உசுரு இருந்தாத்தான படிக்க?"

அப்பா சாப்பிட வந்தபோது விஷயத்தைச் சொன்னார்கள். அவர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்துபோனார். என் புத்தகங்களைச் சாக்கில் கட்டி அத்தை பரணில் ஏற்றினார். திங்கட்கிழமை நான் கொட்டகைக்குப் போனேன். மூலையில் யார் இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அந்தப் பரண்தான் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவும் அத்தையும் என்னை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். மடவார் வளாகம் கோயிலைத் தாண்டி ஒரு சந்தில் பேயோட்டும் கோடாங்கியின் வீடு. நான் சடைமுடியும் சிவந்த கண்ணுமாக ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். அயர்ன் பண்ணின சட்டையோடு, தபாலாபீஸ்காரர் மாதிரி இருந்தார். உள்ளறையில் சாம்பிராணி போட்டார். உடுக்கையை எடுத்த பிறகு அவர் முகம் வேறாகிவிட்டது.

"யாரு நீ?"

என் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் பேரு வேண்டாம். உள்ள இருக்கவ பேரு."

"தெரியல."

"எங்கேருந்து வந்த?"

"ராசபாளையம்."

"அவளும் ராசபாளையந்தான் சாமி," என்றார் அத்தை.

"இந்தப் பிள்ளைய எப்பப் புடிச்ச?"

"ஆறாம் வகுப்புல."

உடுக்கை வேகம் எடுத்தது. புகையில் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. "ஒனக்கு என்னதான் வேணும்? சேலையா, சேவலா? கேளு," என்றார்.

அது யோசிக்க வேண்டிய கேள்வி. யோசிக்க வேண்டுமென்றால் எனக்கு அப்போது ஒரே வழிதான் பழகியிருந்தது. "ஒனக்கு என்ன வேணும்?" என்று அந்தக் குரல் என்னைக் கேட்டது. அவ்வளவு கம்மிப்போய் அது ஒருநாளும் வந்ததில்லை. உடுக்கை நின்றது. நான் என் குரலில் சொன்னேன்.

"படிக்கணும். புஸ்தகத்தைக் கீழ எறக்கித் தரணும்."

அத்தை வாயில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகையோடு அவர் கோடாங்கியிடம் சொன்னதை நானும் கேட்டேன். சின்னவள் கொட்டகைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டிருப்பாளாம். ஒருநாள் அண்ணனை அனுப்பினார்கள். மீசை முளைக்காத அண்ணன், சடையைப் பிடித்துத் தெரு முழுக்க இழுத்துவந்தானாம். அதற்கடுத்த மழையில் வந்த காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். கிடந்த நாளெல்லாம் படிக்கணும் படிக்கணும் என்றுதான் பிதற்றினாளாம்.

வேறு யாருடைய கதையோ போலத்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அண்ணன் என் அப்பாதான் என்பது தெரிந்தும், என் அப்பாவோடு அவனைப் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த அப்பா வந்து எனக்கு முன்னால் குத்தவைத்தார். விரல் ரேகையெல்லாம் தறி எண்ணெய்க் கறுப்பு. என்னை 'ஏட்டி' என்றுதான் எப்போதும் கூப்பிடுவார்.

"எம்மேல கோவமா இருக்கியா, தாயி?"

எனக்கு அப்பாமேல் கோபமா? புத்தகத்தை ஏற்றியது அத்தை. அப்பா சும்மா இருந்தார். சும்மா இருந்ததற்குக் கோபப்படலாமா? எவ்வளவு தேடியும் எனக்குள் நிச்சயமாக ஒன்றும் அகப்படவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக் கூடாது. பதிலை என் குரலில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியல. யோசிச்சுச் சொல்லுதேன்," என்றது கம்மின குரல்.

கேள்வி கேட்பதற்கு மட்டுமே நான் வைத்திருந்த குரல் அது. அதற்கு முன்னால் ஒருமுறைகூட அது பதில் சொன்னதில்லை. அப்பா சரி என்று தலையாட்டினார். கோடாங்கி திருநீறு பூசி, பிள்ளையைப் படிக்க விடுங்கள், அது தானாக அடங்கும் என்றார்.

அன்று சாயங்காலமே அப்பா பரணில் ஏறினார். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் என் படிப்பை நிறுத்துவது பற்றிப் பேசவில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி என்று போய்க்கொண்டே இருந்தேன். கேள்விகளை விடவில்லை. ஆனால் வாய்விட்டுக் கேட்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன். மனதுக்குள் கேட்டால் குரல் தேவைப்படவில்லை. அந்தக் குரலும் அதன்பிறகு வரவில்லை.

கரண்டு போகும்போதெல்லாம் அப்பா கொட்டகையிலிருந்து வந்து எங்கள் வாசலுக்கு வெளியே நிற்பார். மற்ற தறிக்காரர்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும், மூச்சு விடுவதுகூடக் கேட்காதபடி, சுவரில் தலையைச் சாய்த்து நிற்பார். நான் கல்லூரி விடுதிக்குப் போகும்வரை அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறாளா என்று பார்க்க வருகிறார் என நினைத்துக்கொள்வேன். பெருமையாக இருக்கும். அவருக்குக் கேட்கட்டும் என்று புத்தகத்தை எடுத்து, என் சொந்தக் குரலில், கணீரென்று வாசிப்பேன். அவர் செத்த நேரம் கேட்டுவிட்டு, "நல்லாப் படி," என்பார். ஆனாலும் போக மாட்டார். கரண்டு வந்து தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் திரும்பிப் போவார்.

யோசித்துச் சொல்வதாகக் கம்மின குரலில் ஒருத்தி அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் அந்தப் பதிலுக்காகத்தான் வந்து நிற்கிறார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் சத்தமாக வாசித்தேன்.