ஓரத்து மணி மிதித்த தீ

மணி காலமான செய்தியை அவன் மனைவி மா கின் தொலைபேசியில் பர்மியில் சொன்னார். நான் இன்சீன் நிலையத்தில் யாங்கோனைச் சுற்றும் வட்ட ரயிலுக்காக நின்றிருந்தேன். வந்த ரயிலில் ஏறத் தோன்றவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

யாங்கோனில் பந்தாட்டம் பார்த்தவர்களுக்கு அவன் 'ஓரத்து மணி'. சம்பளத்துக்குக் கால்பந்து ஆடிய நம் தமிழர் சிலரில் ஒருவன். வலது கோட்டை ஒட்டி அவன் ஓட, நடுவிலிருந்து நான் பந்தை அடிப்பேன். "பாத்துப் பாத்து அடிக்காதடா. நீ அடி, நான் அங்க இருப்பேன்" என்பான். இருப்பான், படுபாவி!

உங்களில் பலர் அவனைப் பற்றி இன்றும் சொல்வது ஒன்றுதான்: இறுதியாட்டத்துக்கு நாலு நாள் முன்பு தீமிதித்துக் காலைக் கெடுத்துக்கொண்ட கிறுக்கன். க்யிம்யிண்டைங் பகுதியில் உள்ள அவன் வீட்டில் அவனைக் கிடத்தியிருந்தபோதும் இருவர் அதையே பேசினார்கள்.

அந்த வருடம் கணுக்கால் அடிபட்டு அவன் படுத்திருந்தான். அவன் இல்லாமல் என் ஆட்டம் ஒன்றுமே இல்லை. பயந்துபோய் மாரியம்மன் முன் நின்று, "மணி எழுந்து ஆடினா அவன் தீமிதிப்பான் தாயே" என்று நானே வேண்டிக்கொண்டேன். பெருமையாக அவனிடம் வேறு சொன்னேன். "அட பாவி! வேண்டுறவன் உன் காலை வச்சு வேண்டக் கூடாதா?" என்று சிரித்தான்.

கால் குணமானது. திருவிழாவும் வந்தது. இறுதியாட்டம் நெருங்கிவிட்டதே, அடுத்த வருடம் மிதிக்கலாம் என்று பூசாரியே சொன்னார். "சாமிக் குத்தம் ஆயிடும்" என்று அடம்பிடித்தவன் நான். மஞ்சள் வேட்டியோடு என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கினான். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். துணி சுற்றிக் கட்டியது நான். பயிற்சியாளரிடம் மறைத்ததும் நான்.

இறுதியாட்டத்தில் வழக்கம்போல் அடித்தேன். அவன் அங்கே இருந்தான். திரும்பும்போது பாதத்தை முழுதாக ஊன்ற முடியாமல் முழங்கால் முறுக்கிக்கொண்டது. அதன்பின் அவன் ஆடவே இல்லை. "யாரைக் கேட்டு மிதிச்சே?" என்று, சயா என்றே நாங்கள் கூப்பிடும் பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் கத்தினார். மணி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என் வேண்டுதல், சயா" என்றான்.

பர்மிய வழக்கப்படி வைத்த ஏழாம் நாள் சாப்பாட்டில் மா கின் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "எதுக்காக வேண்டிக்கிட்டார்னு இத்தனை வருஷம் கேட்டுட்டேன், சிரிச்சே மழுப்பிட்டார். உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. இதைப் படிக்கும் யாராவது போய்ச் சொல்லிவிடுவீர்கள் என்ற நப்பாசையில்தான் எழுத உட்கார்ந்தேன். சீ, அவன் ஆயுள் முழுக்க என் பழியைச் சுமந்தது போதும். அவனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, சயாவிடம் எனக்காக அவன் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான்; அதையும் விட்டுவிடுகிறேன். நாளைக் காலை க்யிம்யிண்டைங் போகிறேன். மா கின் முன்னால் உட்கார்ந்து பர்மியிலேயே சொல்லப்போகிறேன்: அந்த வேண்டுதல் என்னுடையது.