காயாத செவ்வந்தி

அக்கா என்னோடு பேசி மூன்று வருஷமாகியிருந்தது. அப்பா போன அன்று, "நீ ஒழுங்காப் பாத்திருந்தா இருந்திருப்பாரு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. சான்பாடாவில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம் என்று அத்தான்தான் போன் செய்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? அவளுக்குப் பிடித்த மஞ்சள் செவ்வந்தியை ஆயில் பெயிண்டில் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு வார்த்தையாவது பேசமாட்டாளா என்றிருந்தது.

தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் சமையல் மேடைதான் என் மேஜை. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய நாலு பூவை எவர்சில்வர் டம்ளரில் வைத்தேன். உள்ளங்கையளவு கேன்வாஸ். முதலில் காவி நிறத்தை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டேன். அதன்மேல் நிழல், பிறகு இதழ் இதழாக மஞ்சள். மஞ்சளைத் தொடங்கும்போதே, பெயிண்டை இளக்குகிற ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோயிற்று. எல்லாம் எண்ணெய்தானே என்று, தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை ஊற்றிக் குழைத்தேன். அடேயப்பா, என்ன வழவழப்பு! கடைசியில் டம்ளர் விளிம்பில் ஒரு பொட்டு வெள்ளை வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்தும் தொட்டால் பிசுபிசுத்தது. மழைக்கால ஈரம் என்று நினைத்தேன். செய்தித்தாளில் சுற்றி, லோக்கல் ரயில் நெரிசலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

அக்கா வாங்கிக்கொண்டாள், பேசவில்லை. தாளை உரித்தாள். பூ மொத்தமும் தாளோடு போய்விட்டது. கேன்வாஸில் வெறும் காவியும் நிழலும். அவளுடைய பட்டுப்புடவையில் நீளமாக ஒரு மஞ்சள் கறை. கூடியிருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா தாளை முகர்ந்தாள்.

"ஏட்டி, தேங்கா எண்ணெ வாடை அடிக்கு."

"இது காயாதுன்னு தெரியாதுக்கா."

"இதுவும் நான் ஒழுங்காப் பாக்காததாலதான்னு சொல்லேன்."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக அந்த வார்த்தையை மறக்காமல் வைத்திருந்திருக்கிறாள், பாவி. படத்துக்காக வந்த கண்ணீர் எங்கோ போய்விட்டது.

"நான் சொன்னது தப்புக்கா" என்றேன். அங்கேயே, எல்லோர் முன்னாலும்.

அவள் நிமிரவில்லை. கறையை விரலால் தேய்த்துக்கொண்டே, "அப்பா போற வரைக்கும் மூணு நாளு நான் கண்ணே மூடலட்டி" என்றாள்.

எனக்கு அது தெரியாது. நான் கேட்டதே இல்லை.