ஆச்சி வீட்டுக் கடல்

உயிருள்ள சரக்கை விற்கிறவருக்கு ராத்திரி தூக்கம் கிடையாது என்பதை, கோழி, ஆடு, லவ்பேர்ட்ஸ் என்று எதை விற்றுப் பிழைக்கிற சக பாவியும் ஒத்துக்கொள்வார். நான் காரைக்குடியில் கண்ணாடித் தொட்டியும் வளர்ப்பு மீனும் விற்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தைச் செத்த மீன்கள் சொல்லிக் கொடுத்தன.

பேரம்

கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அதன் சொந்தக்கார ஆச்சிக்கு வளவில், நடு முற்றத்துத் தூண்களுக்கு நடுவே, ஒரு கடல் தொட்டி வேண்டுமாம். சும்மா கடல் இல்லை, அந்தமான் கடல். அவுக வீட்டு ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறி பர்மா போனது அந்த வழியாகத்தானாம். "மேல போனாகளே தவிர, கீழ என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் பாக்கல. நான் பாக்கணும்" என்றார்.

விலையில் அரை நாள் மல்லுக்கட்டினோம். நான் கத்தினேன், எழுந்து வாசல்வரை போனேன், திரும்பி வந்தேன். ஆச்சி குரலை உயர்த்தவே இல்லை. கடைசியில் எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது. "பொங்கலுக்கு உங்க பங்காளிக எல்லாம் வாரப்ப தொட்டியில மீன் நிக்கும். நிக்கலைன்னா தொட்டியைப் பேத்துக்கிட்டுப் போயிர்றேன், காசு வேணாம்" என்று சொல்லித் தொலைத்தேன். கடையில் இருந்த முதல் மொத்தமும் அந்தத் தொட்டிக்குள் போகப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆச்சிக்கும் தெரிந்திருக்கிறது. வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "கோவக்காரிகிட்ட வெல பேசுறது எனக்குப் பிடிக்கும் வள்ளி. அவ வாயாலேயே எறங்கி வந்துருவா."

பவளம் கேட்டவர்

தொட்டிக்கு நான் வைத்தது செயற்கைப் பாறை. சென்னையில் ஒரு வியாபாரி தன் கடல் தொட்டியில் வருஷக்கணக்காக ஊறப்போட்டு, பாசியும் புழுவும் ஏறிய பிறகு விற்பது. ஓட்டல் மேனேஜர் அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன சிமென்ட்டு? அசல் பவளப்பாறை போடு" என்றார்.

அதைத் தொட்டால் ஜெயில் என்றேன். நம்பவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. "அண்ணே, இந்தா நமக்குத் தெக்கே, மன்னார் வளைகுடாவுல தீவு வரிசையா இருக்குல்ல? சுத்தியிருந்த பவளப்பாறையை ஒரு காலத்துல சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்தாக. பாறைதான் அலையைத் தடுத்துக்கிட்டு இருந்துச்சு. அது போனதும் ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சு. முழுசா" என்றேன். இதை முதலில் ஒரு மீனவர் சொன்னபோது நானே நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். அண்ணனும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

"தீவு முங்குற அளவுக்கு அள்ளியிருக்காக, எனக்கு ஒரு துண்டுக்கு ஜெயிலா?"

நல்ல தண்ணீர்

புரட்டாசியில் ஒரு நாள் வழக்கம்போல வேனில் போய் இறங்கினேன். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நட்சத்திர மீன் இரண்டும் கூழாகிக் கிடக்கின்றன. தண்ணீரை நாக்கில் வைத்தேன். உப்புப் பேருக்குத்தான் இருந்தது! வேனுக்கு ஓடி, கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீர் கேன்களை இறக்கி, மீன்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். மாற்றிக்கொண்டே கத்தினேன், தெருவே கேட்டிருக்கும்.

செய்தது மேனேஜர் அண்ணன். தொட்டி விளிம்பில் உப்புப் பூத்திருந்ததைப் பார்த்து, தண்ணீரை ருசி பார்த்து, ஐயோ பாவம் இதில் எப்படி உயிர் வாழும் என்று இரக்கப்பட்டு, முக்கால் தொட்டியைக் காலி செய்து, காரைக்குடியிலிருந்து சம்பை ஊற்றுத் தண்ணீரை லாரியில் வரவழைத்து ஊற்றியிருக்கிறார். காபிக்கு அதைவிட நல்ல தண்ணீர் இந்தச் சீமையில் கிடையாது என்பது நமக்கெல்லாம் தெரியும். நான் திட்டி முடிக்கும்வரை பொறுமையாக நின்றவர், வருத்தத்தோடு சொன்னார்: "சம்பை ஊத்துத் தண்ணியில சாகுதுன்னா, அது மீன்கிட்ட உள்ள கோளாறும்மா."

மனைவி செத்த மீன்

அந்தக் களேபரத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடியில் பெரியது செத்துப்போனது. அது பெண். மீந்தது ஆண். பெண் ஒன்று வாங்கிப் போடு என்று ஆச்சி சொன்னார். வேண்டாம் ஆச்சி, சின்னதாக இன்னொன்று போட்டால் போதும், இவனே கொஞ்ச நாளில் பெண்ணாகிவிடுவான் என்றேன்.

ஆச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். விளையாடுகிறேன் என்று நினைத்து என் முகத்தையே பார்த்தார். நிஜம்தான் ஆச்சி, அந்த இனமே அப்படித்தான், பெரியவள் போனால் அடுத்தவன் பெண்ணாகி முட்டையே போடுவான் என்றேன். மேல்மாடிப் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்க கொழுந்தனாரு பொண்டாட்டி போயி பத்து வருஷமாச்சு. மனுசன் இன்னும் ஒரு காபி போடக் கத்துக்கல!"

திருடன்

கார்த்திகையில் மீன்கள் காணாமல் போக ஆரம்பித்தன. நீலக் குஞ்சு மீன்கள், மஞ்சள் மீன்கள், போன வாரம் விட்டது இந்த வாரம் இல்லை. பிணமும் இல்லை. பொங்கல் வேறு நெருங்குகிறது. நான் வாங்கி விட விட, எவனோ எடுத்துக்கொண்டே இருந்தான். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் புத்தி போன போக்கே சரியில்லை. சமையல்காரர் வீரணனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். மனிதர் கோபப்படவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"விரல் நீள மீனு. மசாலா தடவ எடமிருக்கா அக்கா அதுல?"

அவன்

சட்டையை விட்டபோதுதான் வளவிலிருந்து சத்தம் கேட்டது. டக். டக். யாரோ உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டுவது போல. ஓடிப்போய்ப் பார்த்தேன். பாறைப் பொந்திலிருந்து இரண்டு கண்கள் தனித்தனியாகச் சுழன்றுகொண்டிருந்தன. ஒரு நண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். மயில் நிறத்தில் ஒரு ஜந்து பாதி வெளியே வந்தது. கை நீண்டதை நான் பார்க்கவில்லை. நண்டின் ஓடு பிளந்து கிடந்ததைத்தான் பார்த்தேன். பின்னால் துள்ளிவிட்டேன்.

சென்னை வியாபாரிக்கு போன் போட்டேன். அது ஒரு வகை இறாலாம்; முன்கையைச் சுத்தியல் மாதிரி வைத்திருக்குமாம்; சம்பைத் தண்ணீர்க் களேபரத்துக்குப் பிறகு நான் வாங்கிப் போட்ட புதுப் பாறையோடு குட்டியாக வந்து, என் மீனைத் தின்றே வளர்ந்திருக்கிறது. கண்ணாடியையும் சில சமயம் உடைக்கும் என்று சாவகாசமாகச் சொன்னான். அவனுக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

பொங்கலுக்கு இரண்டே நாள். ஓரத்தில் ஒடுங்கியிருந்த கோமாளியையும் அதற்கு ஜோடியாக நான் விட்ட சின்னதையும் தவிரத் தொட்டியில் ஒன்றுமில்லை. தோற்றது தோற்றதுதான். அந்த ஜோடியை முதலில் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினேன். பாறையோடு அவனைப் பெயர்த்துக் கொன்றுவிட்டுத் தொட்டியை எடுத்துப்போவதென்று முடிவு செய்து, மறுநாள் மதியம் வேனை வாசலில் நிறுத்திவிட்டு ஆச்சியிடம் போனேன். ஆச்சி அதற்குள் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் மேனேஜர், வீரணன், மாடியிலிருந்து இறங்கி வந்த கொழுந்தனார், தங்க வந்த வெள்ளைக்காரர்கள் நாலு பேர். வீரணன் இன்னொரு நண்டை இறக்கினார். டக். கூட்டம் மொத்தமும் "ஆ" என்றது. நான் வேன் வந்துவிட்டது என்றேன். ஆச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேனைத் திருப்பி அனுப்பு, பேசுன காசைத் தாரேன். ஒன்னோட அழகு மீனை ஒருத்தரும் ரெண்டு நிமிசத்துக்கு மேல பாக்கல. இவன் முன்னால காலையிலருந்து காபிகூடக் குடிக்காம நிக்கிறாக!"

நான் பொத்திப் பொத்தி வளர்த்ததெல்லாம் செத்தது, கொல்லப் போனதுதான் கடையைக் காப்பாற்றியது. இதற்குப் பெயர் வியாபாரம் என்கிறார்கள்.