நாற்பத்திரண்டாவது பானை

எங்கள் வீட்டுப் பின்புறம் தண்ணீர் டிரம்மைத் தாங்கும் மூன்று கிரானைட் துண்டுகளும் தம்பி பர்கூரிலிருந்து கொண்டுவந்தவை. அவன் வேலை பார்த்த பட்டறையில் வெட்டிக் கழித்த கல். வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் குடும்பத்துக்கு ஒரு பொங்கல் பானை, பானைக்கு மூன்று கல். மணமாகாதவனுக்குப் பானை கிடையாது. எண்ணி இடம் விடுவது மூத்தவனான என் பொறுப்பு. அந்த வருடம் நாற்பத்தோரு பானை, நூற்று இருபத்து மூன்று கல். கணக்குச் சரியாக இருந்தது.

அப்போதுதான் தம்பி தன் கல்லும் பானையுமாக வந்தான். கூடவே, ஓசூரில் ஆறு வருடமாக அவனோடு வாழ்ந்த மனிதர். கம்பெனி வேலைக்குத் தெற்கேயிருந்து வந்தவர். "நாங்களும் ஒரு குடும்பந்தாண்ணா. நாப்பத்திரண்டுன்னு எழுதிக்கோ" என்றபடி தம்பி கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினான்.

முந்தின வாரம்தான் எல்லோரும் ஒரு படம் பார்த்திருந்தோம். அதில் நகைச்சுவை நடிகர் இடுப்பை ஒடித்து நடந்து இன்னொரு ஆணைத் துரத்துவார். தியேட்டர் பதினேழு முறை சிரித்தது. எண்ணிக்கொண்டே நானும் சிரித்தேன். பக்கத்து இருக்கையில் தம்பி. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

கோயிலில் என் மைத்துனன் அதே நடையை நடந்து காட்டினான். "ரெண்டு மாப்ளையும் வந்தாச்சு, பொண்ணத்தான் காணோம்!" பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூசாரி என்னைப் பார்த்தார். நான் தம்பியின் அடுப்புக் கல்லை எட்டி உதைத்தேன். பானை கவிழ்ந்து பாலும் அரிசியும் மண்ணில் பரவின.

"சாமி இருக்கற எடம்டா இது. சினிமாக் கொட்டாயில்ல" என்றேன் தம்பியிடம்.

அந்த மனிதர் குனிந்து அரிசியை அள்ளப் போனார். தம்பி அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனான். கற்களை நான்தான் எடுத்துவந்தேன். நல்ல கல்.

பதினோரு வருடம் ஆகிறது. போன மாதம் பகல் காட்சிக்கு மகன் அழைத்துப்போனான். இரண்டு ஆண்களின் கதை. கடைசியில் அப்பா, சாமி சன்னதியில் வைத்தே மகனைக் கட்டிக்கொள்கிறார். எங்கள் வரிசையில் ஒன்பது பேர். ஏழு பேர் கண்ணைத் துடைத்தார்கள், மைத்துனன் உட்பட. பானையை உதைக்கிற அண்ணன் படத்தில் இல்லை. இருந்திருந்தால் அவனும் கடைசியில் திருந்தியிருப்பான்.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன்: "இந்த வருசம் நாப்பத்தேழு பானை. சித்தப்பனுக்கும் சேத்து நாப்பத்தெட்டுன்னு வெச்சுக்கலாமா?"

மகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா, அது சினிமாப்பா."

பின்சீட்டில் மைத்துனன், "ரெண்டு மாப்ளையும்..." என்று தொடங்கினான். அவன் முடிப்பதற்குள் வண்டி சிரித்தது. நானும்தான்.

மறுநாள் பட்டியலில் நாற்பத்தேழு என்றே எழுதினேன். பிறகு பின்புறம் போய் டிரம்மடியில் குனிந்து எண்ணினேன். மூன்று. ஒன்றை உருவினாலும் தண்ணீர் முழுவதும் கொட்டிவிடும்.