கொழுப்புக்கட்டி என்று எழுதிய படிவம்

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது வலி இல்லை. வலியில்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று, விஞ்ஞானம் படிப்பிக்கும் நானே நினைத்தேன். பாடசாலை விடுமுறையில்தான் தனியார் வைத்தியசாலையில் காட்டினேன். ஸ்கான் எடுத்தார்கள். பிறகு பயோப்சி (கட்டியில் ஊசியால் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் சோதனை). புற்றுநோய், உடனே எடுக்கவேண்டும் என்றார் டொக்டர்.

இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி என் அம்மா காலத்திலேயே இலவசம். அதற்குமேல் பின்னாளில் வந்து ஏறியது, தனியார் வைத்தியசாலைச் செலவைத் தரும் அரச ஊழியருக்கான காப்புறுதி. சம்பளத்தில் பிடிக்கத் தொடங்கியதும் ஆசிரியர்களாகிய எங்களுக்குக் கொம்பு முளைத்தது. இலவச வார்ட் மற்றவர்களுக்கு, எங்களுக்குக் கதவு பூட்டக்கூடிய தனி அறை.

உண்மையில் எங்களுக்கு வேண்டியிருந்தது மறைப்பு. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்குப் புற்றுநோய் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்அனுமதி கேட்கும் காப்புறுதிப் படிவமோ கல்வி அலுவலகத்தின் வழியாகப் போகவேண்டும். அங்கே கிளார்க்காக இருப்பவர் என் கணவரின் மச்சாள். அவருக்குத் தெரிந்தால் எங்கள் ஊர் உரும்பிராய் முழுக்கத் தெரியும்.

“கொழுப்புக்கட்டி எண்டு எழுதுவம். முதல்லை பிள்ளையின்ரை அலுவல் முடியட்டும்,” என்றார் கணவர்.

நான் ஓம் என்றேன். எழுதியதும் நான்தான். பயோப்சி அறிக்கையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு ஸ்கானை மட்டும் இணைத்தோம். படித்தவர்களின் கெட்டித்தனம்!

காப்புறுதிக்காரர் முதலில் கையொப்பம் தெளிவில்லை என்றார்கள். பிறகு இன்னொரு பிரதி கேட்டார்கள். நான்காம் மாதம் கடிதம் வந்தது: கொழுப்புக்கட்டிக்குச் சத்திரசிகிச்சை அவசியமில்லை. அந்த மந்தப் பிறவிகளைத் திட்டக்கூட எனக்கு வாயில்லை. கொழுப்புக்கட்டிக்கு அது அவசியமில்லைதான்.

அதற்குள் அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்டது. பயந்துபோய் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சத்திரசிகிச்சை நிபுணர் பயோப்சி அறிக்கையின் திகதியைப் பார்த்தார்.

“நாலு மாசமா எங்கை இருந்தனீங்கள், ரீச்சர்? அப்பவே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். இப்ப மார்பு முழுக்க எடுக்கவேணும்.”

அடுத்த கிழமையே எடுத்தார்கள். யாரும் படிவம் நீட்டவில்லை. பக்கத்துக் கட்டிலில் பருத்தித்துறையில் மீன் விற்கும் பெண் ஒருவர் இருந்தார். தன் நோயின் பெயரை வார்ட் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார். கட்டி கண்ட கிழமையே வந்தவர். அவருடைய மார்பு மிஞ்சியது. எனக்கு வெட்கமாகவும் பொறாமையாகவும் இருந்தது.

மகளின் சம்பந்தம் சாதகம் பொருந்தவில்லையென்று முறிந்தது. என் உடம்பைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் என் காயத்துக்கு மருந்து கட்டும்போது, அவளுக்காகத்தான் மறைத்தோம் என்றேன்.

“எனக்காக எண்டு சொல்லாதேங்கோ அம்மா. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை,” என்றாள்.

கட்டியை மறைத்தபடி இதை வாசிக்கிறவருக்குச் சொல்கிறேன்: ஊருக்குப் பயந்து நீங்கள் காத்திருக்கலாம், கட்டி ஒரு நாளும் காத்திருக்கப் போவதில்லை. கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) முடிந்து எனக்கு முடி வளர்கிறது. பாடசாலைக்கும் போகிறேன். ஆனால் யாராவது பேச்சுவாக்கில் நாலு மாதம் என்றால் என் கை தானாக இடப்பக்கம் போகிறது. அங்கே ஒன்றுமில்லை.