தட்டின் விளிம்பில் ஒரு மவுஸ்

பொத்தோத்தான் ஊரில், பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சந்தில், பதினோரு வருடம் கம்ப்யூட்டர் கடை நடத்தியவள் ஹெர்மினியா, சுருக்கமாக மினியா. ஒரு பீசோ நாணயம் போட்டால் நாலு நிமிடம் ஓடுகிற பெட்டிகள் எட்டு வைத்திருந்தாள். விளையாட்டு வெறியில் பையன்கள் குத்துகிற குத்தில் வாரத்துக்கு ரெண்டு மவுஸாவது வாயைப் பிளந்துவிடும். அவள் புதிதாக வாங்க மாட்டாள். திருகாணியைக் கழற்றி, ஊதி, அழுக்கைச் சுரண்டி, மறுபடி ஓட வைத்துவிடுவாள். "என் மவுஸை ஏன்டா குத்துற? வீட்டுக்குப் போய் உங்கப்பன் வயித்துல குத்து!" என்று அவள் போடுகிற சத்தம் சந்தின் கோடி வரைக்கும் கேட்கும்.

அந்தக் குரல் போய் இரண்டு வருடமாகிவிட்டது. நாற்பத்தொன்பதாம் வயதில் முதலில் வலது கை சொல்பேச்சு கேட்காமல் போனது. பிறகு கால்கள், பிறகு நாக்கு. நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகிற நோய் என்றார் இலோய்லோ நகரத்து டாக்டர். புத்திக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். மினியாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட மோசமான செய்தியாக இருந்தது.

இப்போது அவளிடம் மிச்சம் இருந்தவை இரண்டு கண்களும், இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். கடையை மூடியபோது ஒரு பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார்கள். புருஷன் நிக்கானோர் பழைய கடை மேசையை அறுத்து, படுக்கைக்குக் குறுக்கே ஒரு பலகைத் தட்டு செய்து போட்டான். அதன் மேல் வயரில்லாத மவுஸ். திரையில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தினால் கம்ப்யூட்டர் அவளுக்காகப் பேசும். எந்த நாட்டுக்காரியின் குரலோ, மினியாவின் ஊர்ப் பேச்சைக் கொச்சைப்படுத்தித்தான் படிக்கும். திரையின் மூலையில் பெரிதாக ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் மட்டும் அவளுடைய சொந்தக் குரலே வரும். நாக்கு போவதற்கு முன்னால் பதிவு செய்து வைத்தது: "சீக்கிரம் வாங்க! யாராவது வாங்க!" கம்ப்யூட்டரை வீட்டுக் கரோக்கே ஸ்பீக்கரோடு இணைத்திருந்ததால் தெரு முழுக்கக் கேட்கும்.

பக்கத்து வீட்டுப் போனிங் இதற்காக ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார். "செத்தவங்க கூட எழுந்து வந்துடுவாங்க போல! என் சேவல் மிரண்டுபோய் தீனி எடுக்க மாட்டேங்குது" என்றார். சேவல் சண்டைக்காரர், சேவலுக்கு ஒன்று என்றால் பொறுக்க மாட்டார். மினியா எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்தினாள். அந்நியக் குரல் சொன்னது: "அது பந்தயத்துல ஜெயிச்சா சத்தத்தைக் குறைக்கிறேன்."

சம்பவம் நடந்தது ஒரு வியாழக்கிழமைக் காலையில்.

முந்தின நாளிலிருந்தே மவுஸ் திணறிக்கொண்டிருந்தது. காலையில் ஜீப்னி வண்டியில் பயணிகளை ஏற்றி ஓட்டக் கிளம்பிய நிக்கானோர், சந்தையில் வாங்கி வைத்திருந்த புது பேட்டரியைப் போட்டான். மூடியை அழுத்தினான். மவுஸை அவள் கைக்கு அடியில் வைத்து, நெற்றியில் முத்தமிட்டான். "இனி ஒரு மாசத்துக்குக் கவலையில்ல மினியா. திட்ட வேண்டியவங்களை எல்லாம் தாராளமா திட்டு." சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எட்டரை மணிக்கு அவன் தங்கை அடெலா கூடையை எடுத்தாள். மினியாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். "அண்ணி, பங்குஸ் மீன் வந்திருக்காம். போயிட்டு ஓடி வந்துடுறேன். அரை மணி நேரம். எதுன்னாலும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்க, போனிங் அண்ணன் காதுல விழும்."

மினியா கண்ணை மேலே தூக்கினாள். சரி என்று அர்த்தம்.

கதவு சாத்தியபோது கட்டில் லேசாக அதிர்ந்தது. கழுத்துக்கு வலப்பக்கம் முட்டுக் கொடுத்திருந்த துண்டுச் சுருள் கொஞ்சம் நழுவியது. அவள் அதை உணர்ந்தாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் சுருள் கீழே விழுந்தது. தலை மெல்ல மெல்ல வலப்பக்கம் சாயத் தொடங்கியது.

விரலால் அழுத்தினாள். திரை இருட்டாகவே இருந்தது.

மறுபடி அழுத்தினாள். மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். தூங்கிக் கிடக்கிற திரை, தொட்டால் விழித்துக்கொள்ளும். விழிக்கவில்லை. மவுஸின் அடியில் எரிய வேண்டிய சிவப்பு வெளிச்சம் பலகையில் தெரிகிறதா என்று பார்த்தாள். பலகை பலகையாகவே கிடந்தது.

மவுஸுக்கு உயிரே இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வாயில் எச்சில் ஊறுவது தெரிந்தது. தலை நிமிர்ந்திருந்தால் அவளால் சிரமப்பட்டு விழுங்க முடியும். சாய்ந்துவிட்டால் முடியாது, மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். போன மழைக்காலத்தில் அப்படி ஒருமுறை இறங்கி, பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பதினாறு நாளில் இரண்டு முறை பாதிரியாரைக் கூப்பிட்டார்கள்.

கத்த வேண்டும் என்று உடம்பு முழுவதும் துடித்தது. தொண்டையிலிருந்து ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. ஜன்னல் வழியே போனிங் சேவலோடு கொஞ்சிக்கொண்டிருப்பது கேட்டது. பத்தடி தூரம். பத்தடி தூரத்தில் ஒரு மனிதர் சேவலின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க, அவள் தன் எச்சிலிலேயே மூழ்கப்போகிறாள்.

சுவர்க் கடிகாரம் எட்டு ஐம்பது காட்டியது. அடெலாவின் அரை மணி எப்போதும் ஒரு மணி நேரம்.

யோசி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்தனை மவுஸைப் பிரித்திருக்கிறாய்! அடியில் உள்ள சுவிட்ச் அணைந்திருக்குமோ? நிக்கானோர் அதைத் தொடவில்லை, அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேட்டரியைத் திருப்பிப் போட்டுவிட்டானோ? இல்லை, முனை முன்பக்கம்தான் போனது. மவுஸை விரலால் லேசாக முன்னே தள்ளினாள். உள்ளே 'டொக்' என்றது. பின்னே இழுத்தாள். மறுபடி 'டொக்'.

புரிந்துவிட்டது. சந்தையில் விற்கிற மட்டமான பேட்டரிகளில் சிலவற்றுக்கு முனை குட்டையாக இருக்கும். மவுஸின் ஸ்பிரிங்கும் பழசாகித் தளர்ந்துவிட்டது. பேட்டரி தகட்டைத் தொடாமல் உள்ளே உருண்டுகொண்டிருக்கிறது. முன்பக்கம் சாய்த்தால் பேட்டரி தானாகச் சரிந்து தகட்டைத் தொடும். ஆனால் மவுஸைத் தூக்கிச் சாய்க்க அவள் விரல்களில் ஏது தெம்பு?

தள்ளத்தான் முடியும். தட்டின் விளிம்புக்குத் தள்ளி, முன்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தால், மவுஸ் தானாகத் தலைகுனியும். கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால் தரையில் விழும். விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது.

எச்சில் நாக்கின் அடியில் நிறைந்து தொண்டையைத் தொட்டது. ஒருமுறை நெஞ்சு விக்கி அதிர்ந்தது. இருமலாக மாறுவதற்குக்கூட அதற்கு வலுவில்லை.

தள்ளினாள். ஒரு அரிசி அளவு. இன்னொரு அரிசி அளவு. கண்ணோரத்தில் வியர்வை இறங்கி எரிந்தது. மவுஸின் மூக்கு விளிம்பைத் தாண்டியது. கட்டைவிரலால் அதன் பின்பக்கத்தைப் பலகையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம். மவுஸ் மெல்லத் தலைகவிழ்ந்தது. உள்ளே பேட்டரி சரிந்தது. அவள் போர்வையின் மேல் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

அழுத்தினாள். திரை விழித்துக்கொண்டது, அவ்வளவுதான். முதல் அழுத்தல் அதற்கே போய்விட்டது. அம்புக்குறி முந்தின இரவு அவள் விட்ட இடத்திலேயே, சிவப்புப் பொத்தான் மேல் நின்றிருந்தது. தினமும் தூங்கும் முன் அதை அங்கே நிறுத்துவது அவள் வழக்கம். இன்னொரு அழுத்தல் போதும். ஆனால் மவுஸ் கட்டைவிரலுக்கு அடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை அழுத்தினாள்.

"சீக்கிரம் வாங்க! யாராவது வாங்க!" வீடே அதிர்ந்தது.

வெளியே போனிங் கத்தினார். "அடெலா! உங்கண்ணி கூப்பிடுறா பாரு!"

அவர் தினமும் பத்துத் தடவை கேட்கிற சத்தம்தானே இது! மறுபடி அழுத்தினாள்.

"சீக்கிரம் வாங்க! யாராவது வாங்க!"

"ஏ அடெலா! காது அடைச்சுப்போச்சா? காலங்காத்தால என் உயிரை வாங்குறீங்க!"

மூன்றாவது முறை அழுத்தியபோது மவுஸ் கையை விட்டுப் போனது. தரையில் மோதி, மூடி தனியாக, பேட்டரி தனியாகச் சிதறியது. ஆனால் குரல் வந்துவிட்டது. "யாராவது வாங்க!" அதற்குப் பிறகு ஒரே அமைதி. மினியா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு களகளவென்று சத்தம் போட்டது.

"அடெலா?" போனிங்கின் குரல் இப்போது மாறியிருந்தது. "யாரும் இல்லையா உள்ள?"

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், கக்கத்தில் சேவலோடு. மினியாவின் முகம் நீலம் பூத்திருந்ததைப் பார்த்ததும் சேவலை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அம்மாடி... ஏசுவே... என்ன பண்ணணும்? என்ன பண்ணணும் சொல்லு! ஐயோ, உன்னால சொல்ல முடியாதே!" என்று புலம்பியபடியே அவள் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். உடம்பை ஒருக்களித்தார். வாயிலிருந்து எச்சில் அவர் சட்டையில் வழிந்தது. முதுகில் தட்டினார். ஒரு மூச்சு உள்ளே போனது. பிறகு இன்னொன்று.

"இன்னும் தட்டணுமா? கண்ணை மேல தூக்கினா ஆமாதானே? தூக்கு பாப்போம்."

தூக்கினாள். அவர் அடெலா வரும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்.

அடெலா வந்து பார்த்து, மீன் கூடையை நழுவவிட்டு, "நான் பாவி, நான் பாவி" என்று அழுதாள். அழுது முடித்து மவுஸைப் பொறுக்கினாள். சுவிட்சைத் தட்டினாள், பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. "விழுந்ததுல உடைஞ்சுபோச்சு அண்ணி" என்று மறுபடி கண் கலங்கினாள். மினியா சுவரில் தொங்கிய எழுத்து அட்டையையே வெறித்துப் பார்த்தாள். அடெலா புரிந்துகொண்டு ஒவ்வொரு வரிசையாகத் தொட, மினியா கண்ணை மேலே தூக்கித் தூக்கிச் சேர்த்தாள்: சிகரெட் தாள்.

"சிகரெட்டா? இப்பவா?" என்றார் போனிங்.

"அதில்ல அண்ணே, வெள்ளித் தாள்! பேட்டரி முனையில மடிச்சு வைக்கச் சொல்றாங்க!"

அவர் தன் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். மடித்து வைத்ததும் பலகையில் சிவப்பு வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது.

சாயங்காலம் நிக்கானோர் வந்து விஷயத்தைக் கேட்டதும் கட்டில் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நான்தான் போட்டேன். புரட்டிப் பாக்காம போயிட்டேன். என்னைத் திட்டு மினியா, நல்லா திட்டு."

அவள் வெகுநேரம் எழுத்துகளைத் தேடினாள். திட்டத்தான் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அந்நியக் குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னது: "எனக்குப் பயமா இருக்கு. தினமும் பயமா இருக்கு."

இரண்டு வருடமாக அவள் அதைச் சொன்னதில்லை. கேலி செய்திருக்கிறாள், அதட்டியிருக்கிறாள், சமையலில் உப்புக் குறை சொல்லியிருக்கிறாள். இதை மட்டும் சொன்னதில்லை. நிக்கானோர் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான். "எனக்கும்தான்" என்றான்.

அன்றிலிருந்து அவளைத் தனியாக விடுவதில்லை என்று வீட்டில் முடிவானது. தலை சாய்ந்து கன்னம் பட்டாலே அடிக்கிற, வயர் வைத்த மணி ஒன்றையும் அவள் பக்கத்தில் கட்டினார்கள். ஆனாலும் மீன் வாங்கவும் தண்ணீர் பிடிக்கவும் அடெலா வெளியே போகத்தானே வேண்டும்? அந்த நேரத்துக்கெல்லாம் போனிங் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். சேவல் பந்தயக் கதைகளை ஆதியிலிருந்து சொல்வார். அடுத்த பத்தொன்பது மாதம், அவள் இறக்கிற வாரம் வரைக்கும், ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. பயம் அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் கதை நீளும்போது சில சமயம் அவளுக்குக் கண் சொக்கும். அந்நியக் குரல் சொல்லும்: "போனிங் அண்ணே, நீங்க ரொம்பப் பேசுறீங்க."

"நீ தூங்கு, நான் பாத்துக்குறேன்" என்பார் அவர்.

அவள் தூங்கிப்போவாள்.